15 நாள் ரிமாண்ட்

வணக்கம் நேயர்களே. டீக்கடையில் பேப்பர் விரித்திருக்கும், அதில் யாரோ ஒருவருக்கு '15 நாள் ரிமாண்ட்' என்று போட்டிருக்கும், உடனே பக்கத்தில் இருப்பவர் "15 நாள் தண்டனையா, நல்லா வேணும்" என்பார். வக்கீலான எனக்கு அங்கே சும்மா இருக்க முடிவதில்லை.

ரிமாண்ட் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'ரி' என்றால் திரும்ப, 'மண்டாரே' என்றால் ஒப்படைப்பது. கமாண்டும் டிமாண்டும் இதே வேரில் முளைத்தவைதான். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். விசாரணை முடியவில்லை என்றால் அவர் மறுபடி காவலுக்கு அனுப்புவார், அதுதான் ரிமாண்ட். குற்றவாளி என்று அங்கே யாரும் தீர்ப்பு சொல்லவில்லை.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் ஒரு அம்மா, மகனை வேனில் ஏற்றியதும் "எத்தனை நாள் ஐயா?" என்று கேட்டார். "15 நாள் ரிமாண்ட்மா" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பிவிட்டேன். அவர் நாள்காட்டியில் எண்ணிக்கொண்டே இருந்து, 15ஆம் நாள் விடிகாலையில் இஸ்திரி போட்ட சட்டையை மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டு சிறை வாசலில் போய் நின்றிருக்கிறார், மகன் வெளியே வந்ததும் போட்டுக்கொள்ளட்டும் என்று. சாயங்காலம் வரைக்கும் நின்ற பிறகுதான் அங்கிருந்த காவலர் "ரிமாண்ட் நீட்டிச்சிருக்கும்மா" என்றாராம். மறுநாள் என்னிடம் வந்து, "இந்த 15 நாள் எந்தத் தப்புக்கு ஐயா?" என்றார். அதற்கப்புறம் எந்தக் கைதியின் வீட்டாரிடமும் ரிமாண்ட் என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்ததில்லை, உட்காரவைத்து விளக்குகிறேன்.

15 நாள் என்பது ஒரு தடவைக்கு. அது முடிந்தால் நீட்டிக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் இப்படித் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அவர்களையும் ஊர் குற்றவாளி என்றே பேசுகிறது.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். போலீஸ் காவல் பற்றியும் பேச நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக 60 நாளில், பெரிய வழக்கு என்றால் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. ஆனால் தானாகக் கிடைக்காது, குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனு போட்டாக வேண்டும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 1, 5, 1, 0, 0.