பருப்பு வேகும் தண்ணீர்: குமரிக் கடற்கரையில் வீடு தேடும் கதை

வணக்கம். இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதக் கடல் இப்படித்தான். குமரி மாவட்டம் முட்டத்தில், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறை மேல் நின்று பேசுகிறேன். தை மாதம் இதே இடத்தில் நின்றுதான் "இங்கேதான் வீடு கட்டப்போகிறேன்" என்று உங்களிடம் சொன்னேன். அன்று கடல் குளம்போலக் கிடந்தது. இன்று அலை பாறையில் மோதித் தெறிக்கும் தண்ணீர் கேமராவரைக்கும் வருகிறது.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகுமா?" என்னிடம் பதில் இல்லை. அதற்காகத்தான் மறுபடியும் வந்திருக்கிறேன். கடற்கரையில் மனை வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து ஆனி, ஆடியில் வந்து பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் இந்த மாதங்களில்தான் கடல் எதுவரை ஏறும் என்று கண்ணால் பார்க்க முடியும்.

நேற்று கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். கட்டி எட்டு வருடம்தான் ஆகிறது. ஜன்னல் கம்பியைக் கட்டைவிரலால் அழுத்தினேன், துரு அப்பளம்போலப் பெயர்ந்து கையோடு வந்தது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தூண்டில் வளைவு தெரிகிறது. கடல் அரிப்பைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருப்பார்களே, அதற்கு இங்கே அந்தப் பெயர். அது மணலை ஒரு பக்கம் சேர்க்கும், மறுபக்கம் அரிப்பு கூடும். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் வளைவுக்கு எந்தப் பக்கம் மனை இருக்கிறது என்று முதலில் பார்க்கிறேன்.

மனை காட்டியவர் "சட்டப்படி 50 மீட்டர் விட்டால் போதும்" என்றார். 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் ஊரகக் கடற்கரைக்கு உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறும்போது தண்ணீர் தொடும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் கட்டடம் கட்டாமல் விட வேண்டும் என்று இருந்தது. மக்கள் நெருக்கமான ஊர்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைக்க 2019 அறிவிக்கை வழிசெய்தது. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மணக்குடிப் பாலத்தையே அடித்துக்கொண்டு போன மாவட்டம் இது. மீனவர்களுக்குக் கடலோரம் தொழில், வாழ்க்கை. வேடிக்கை பார்க்க வரும் எனக்கு அந்த 50 மீட்டரில் என்ன வேலை?

குளச்சல் எனக்கு மிகவும் பிடித்தது. 1741 போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைத் தோற்கடித்த ஊர். கடைத்தெரு, மீன், பஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஜன நெரிசல்தான் அம்மாவுக்கு ஒத்துவராது. மீன் எப்போதும் கிடைக்குமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் துறைமுகத்தில் ஏப்ரல் 15-லேயே தடை தொடங்கி ஜூன் நடுவில் முடிந்துவிடும். ஒரே மாவட்டத்தில் இரண்டு கணக்கு.

இன்று காலை ஈத்தாமொழிப் பக்கம் போனேன். உயரமான நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். கடல் தெரியாது, ஆனால் நினைத்தால் மாலையில் சைக்கிளில் போய்க் கால் நனைத்துவிட்டு வரலாம். ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் பாட்டி ஒருவர், "குடிச்சுப் பாரு மக்களே" என்று வாளியைச் சாய்த்துக் கொடுத்தார். உவர்ப்பே இல்லை. சோப்பு போட்டுக் கை கழுவினேன், நுரை நிறைய வந்தது. சித்திரையில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "கொஞ்சம் இறங்கும், கரிக்காது" என்றார்.

இதோ, இந்த பாட்டிலில் இருப்பது அந்தத் தண்ணீர். இன்றிரவு ரயிலில் ஊருக்குப் போகிறேன். நாளை அம்மா இதில் துவரம்பருப்பு வேக வைப்பார். சித்திரையில் இன்னொரு பாட்டில் எடுக்க வருவேன். அதுவரை எந்த மனைக்கும் முன்பணம் கொடுப்பதாக இல்லை.