கட்டியவர் கையிலிருந்து ஓட்டுபவர் கைக்கு

நேயர்களுக்கு என் வணக்கம்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் அங்கே ஆயிரக்கணக்கான சிறு விமானங்கள் வந்து இறங்கும். அவற்றில் பலவும் தொழிற்சாலையில் செய்தவை அல்ல. வீட்டுக் கார் ஷெட்டிலோ வாடகைக் கொட்டகையிலோ வைத்து, மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும், சொந்தக்காரர்களே ரிவெட் ரிவெட்டாக அடித்துச் சேர்த்தவை. 1953-இல் பால் போபரெஸ்னி தொடங்கிய ஆர்வலர் சங்கம்தான் இந்தக் கூட்டத்தை நடத்துகிறது. மொத்த வேலையில் பாதிக்கு மேல், கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ கட்டும் தனிமனிதர்களே செய்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. அப்படிச் செய்த விமானம் 'பரிசோதனை' வகையில் பதிவாகும்.

விமானப் பராமரிப்பில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இந்த விமானங்களின் பாதுகாப்பு பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதுதான்: கட்டியவருக்குத் தெரிந்தது அத்தனையும் ஓட்டுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கும்வரை அது தானாகவே நடந்துவிடுகிறது. விமானம் கைமாறும்போதுதான் சிக்கல். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-இல் நடந்த இத்தகைய விமான விபத்துகள் 224-ஐ எடுத்து ஆராய்ந்தது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, இன்னொருவர் கட்டியதை விலைக்கு வாங்கியவர்களின் விமானங்கள்.

1997 அக்டோபர் 12-ஆம் தேதி கலிபோர்னியாவில் பசிபிக் க்ரோவ் கரையோரக் கடலில் நடந்த விபத்தை எடுத்துக்கொள்வோம். ஓட்டியவர் புகழ்பெற்ற பாடகர் ஜான் டென்வர். 2,700 மணி நேரத்துக்கும் மேல் விமானம் ஓட்டியவர், கற்றுக்குட்டி அல்ல. விமானம் பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி. சிறு இறக்கை முன்னால், இன்ஜின் பின்னால், ஓட்டுபவர் பாதி சாய்ந்தபடி உட்காரும் அழகான இரண்டு இருக்கை விமானம். வேறொருவர் கட்டிய அது டென்வர் கைக்கு வந்தது முந்தின நாள்தான்.

லாங்-ஈஸியில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு எரிபொருள் டேங்குகள். எந்த டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போக வேண்டும் என்பதை ஒரு வால்வைத் திருப்பித் தேர்ந்தெடுக்க வேண்டும். ரூட்டனின் வரைபடப்படி அந்த வால்வு ஓட்டுபவரின் இரு கால்களுக்கும் நடுவே, கை போகும் இடத்தில் இருக்கும். கட்டியவர் அதை மாற்றி, ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். காக்பிட்டுக்குள் எரிபொருள் குழாயே வரக்கூடாது என்பது அவர் எண்ணம். தீக்குப் பயந்து செய்ததில் நியாயம் உண்டு. ஆனால் எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று கைப்பிடியில் குறியே இல்லை. எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயும் முதுகுக்குப் பின்னால். அதிலும் அளவுக் கோடுகள் இல்லை.

புறப்படும் முன்பு டென்வரும் ஒரு டெக்னீஷியனும் அந்தக் கைப்பிடி எட்டவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு லாக்கிங் பிளையரை மாட்டி நீட்டிப் பார்த்தார்கள்; அப்போதும் சரிப்படவில்லை. பின்னால் இருக்கும் அளவைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடி கொடுத்தார் டெக்னீஷியன். எரிபொருள் போடலாமா என்ற பேச்சு வந்தபோது, ஒரு மணி நேரம்தானே பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர். சில நூறு அடி உயரத்தில் இன்ஜின் விட்டுவிட்டு இரைந்ததைக் கரையிலிருந்தவர்கள் கேட்டார்கள். விமானம் திரும்பி, மூக்குக் கீழாகக் கடலில் விழுந்தது.

புலனாய்வில் மற்ற பைலட்டுகளை அந்த மாதிரி இருக்கையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். இடது தோளுக்குப் பின்னால் எட்ட உடம்பை முறுக்கும்போது, வலது கால் தன்னையறியாமல், விமானத்தின் மூக்கைத் திருப்பும் ரட்டர் பெடலை அழுத்துகிறது. எரிபொருள் போடாதது, புது விமானத்தில் போதிய பழக்கம் இல்லாதது, கட்டியவர் வால்வை வைத்த இடம் மூன்றையும் வாரியம் தன் முடிவில் குறிப்பிட்டது. எனக்கு இதில் மனசைப் பிசைவது ஒன்றுதான். குறை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தரையில் நின்று பேசவும் செய்தார்கள். விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, வால்வை இடம் மாற்றிய பிறகு பறக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆகவே எரிபொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் பறப்புக்கு முன், ஏறும்போது மூக்கு எவ்வளவு உயருமோ அவ்வளவு உயர்த்தி விமானத்தை நிறுத்துங்கள். கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளவுப் பாத்திரத்தில் பிடியுங்கள். டேங்க் மேலே இருந்து தானாக இறங்கி வருவதானால், புறப்படும்போது இன்ஜின் குடிக்கும் அளவைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். பம்ப் தள்ளுவதானால் ஒன்றேகால் மடங்கு. ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

தினமும் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துக் கண்ணாடிக் குவளையில் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும், நடுவே ஒரு கோடு தெரியும். குவளை முழுக்கத் தண்ணீராகவே இருந்தால்? கோடே தெரியாது, சுத்தமாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால் குவளையை வெள்ளைத் தாள் முன்னால் பிடித்து நிறத்தைப் பாருங்கள். 100 எல்எல் விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் சேர்த்திருக்கும். நீலம் இல்லையென்றால் பறக்காதீர்கள். காருக்குப் போடும் பெட்ரோல் ஊற்றுவதாக இருந்தால், அதில் கலந்திருக்கும் எத்தனாலை உங்கள் குழாயும் டேங்குக்குப் பூசிய ரெசினும் தாங்குமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

டேங்குக்குக் காற்று போகும் வென்ட் துளையில் குளவி மண் வைத்து அடைத்துவிடும். துளை அடைபட்டால் டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் இன்ஜினுக்கு வராது. வேகம் காட்டும் பிட்டோ குழாய்க்கும் இதே ஆபத்து உண்டு. 1996-இல் டொமினிக்கன் குடியரசுக்கு அருகே கடலில் ஒரு போயிங் 757 விழுந்து 189 பேர் இறந்தார்கள்; அதன் பிட்டோ குழாயைக் குளவிக்கூடு அடைத்திருக்கலாம் என்றுதான் புலனாய்வாளர்கள் கருதினார்கள். விமானம் நின்றவுடன் உறை போடுங்கள், சிவப்பு நாடா தொங்குகிற உறையாக இருக்கட்டும்.

இனி நட், போல்ட். சரியான இறுக்கம் கொடுத்ததும் நட்டையும் போல்ட்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு வண்ணக் கோடு இழுப்போம். அடுத்த முறை பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று பொருள். நைலான் வளையம் வைத்த நட்டை எக்சாஸ்ட் பக்கத்துச் சூட்டில் போடாதீர்கள். சுழலும் இணைப்புக்குப் பள்ளம் வெட்டிய நட்டும், அது கழலாமல் குறுக்கே செருகி வளைக்கும் காட்டர் பின்னும்தான். கட்டுப்பாட்டுக் கம்பிகளைக் கழற்றி மாட்டினால், ஓட்டும் ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்து, இடது இறக்கையின் பின் விளிம்பில் அசையும் தகடான எய்லெரான் மேலே எழுகிறதா என்று பாருங்கள். வேலை செய்தவர் அல்லாத இன்னொரு ஜோடிக் கண்ணும் அதைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த விமானங்களுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை கட்டாயம். கட்டியவர் அதற்கான சான்றிதழ் பெற்றிருந்தால் அவரே கையெழுத்துப் போடலாம். விமானத்தை விற்றால் அந்த உரிமை வாங்கியவருக்குப் போகாது. வழக்கமாக அவர் உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் போக வேண்டும். இது சரியான விதி என்பது என் கருத்து. ஆனால் அந்த மெக்கானிக்குக்கும் இந்த ஒரு விமானத்தின் அந்தரங்கம் தெரியாது. ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு விமானங்கள் கூட ஒன்றுபோல இருப்பதில்லை. வாங்கும்போது கட்டிய காலத்துக் குறிப்பேட்டையும் புகைப்படங்களையும் கேட்டு வாங்குங்கள். வரைபடத்திலிருந்து எங்கே விலகினீர்கள், ஏன் என்று கட்டியவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

புதிதாகக் கட்டிய விமானத்தைப் பயணி இல்லாமல் சோதித்துப் பறக்க வேண்டும் என்று ஒரு கால அளவு வைத்திருக்கிறார்கள். இன்ஜினும் புரொபெல்லரும் சான்று பெற்ற ஜோடியானால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40. பழையதாக வாங்கியவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எடை போட்டு ஈர்ப்பு மையம் கணக்கிடுங்கள். உயரத்தில் போய், எந்த வேகத்தில் இறக்கை தூக்குவதை விடுகிறது என்று பார்த்து எழுதுங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒரு நாள், இன்ஜினைத் தொடாமல், பெல்ட்டை இறுக்கி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எரிபொருள் வால்வைத் திருப்பிப் பாருங்கள். கால்கள் பெடலில் அசையாமல் இருக்கின்றனவா என்று வெளியே ஒருவர் நின்று கவனிக்கட்டும். கால் அசைந்தால் ஸ்பேனரை எடுங்கள்; வால்வு இடம் மாறட்டும்.

நன்றி, வணக்கம்.