பட்டன் போன் பத்திரமா?

ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் வணக்கம். செல்போன், கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாதுகாப்பு ஆராய்ச்சி என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு, நேரமோ கொஞ்சம், அதனால் எனக்குப் பிடித்த சண்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஜங்ஷன் டீக்கடையில் நின்றாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் யாராவது ஒரு அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டுவார். "நம்மகிட்ட இதுதான்வே கெடக்கு. இதுல எவன் வந்து என்ன செய்யப் போறான்?"

பாதி சரிதான். ஆப் கிடையாது, லிங்கை அமுக்கி மாட்டிக்கொள்ள வழியில்லை. ஆனால் போனுக்கும் டவருக்கும் நடுவே காற்றில் ஒரு பேச்சு நடக்கிறதே, அந்த இடத்தில் 2ஜி பட்டன் போன்தான் இருப்பதிலேயே நோஞ்சான். (ஜியோ பட்டன் போன் 4ஜியில் ஓடுவது, அதை இதில் சேர்க்க வேண்டாம்.)

ஏன் என்று சொல்கிறேன். 2ஜியில் உங்கள் சிம் அசல்தானா என்று டவர் சோதிக்கும். டவர் அசல்தானா என்று போன் சோதிக்காது. ரயிலில் கறுப்புக் கோட்டுப் போட்டு ஒருவர் வந்து டிக்கெட் கேட்டால் எடுத்து நீட்டுகிறோம், அவருடைய அடையாள அட்டையை நாம் கேட்பதுண்டா? அதே கதை. அது மட்டுமில்லை, பேச்சைச் சங்கேதமாக மாற்றி அனுப்புவதா வேண்டாமா என்பதையும் டவர்தான் முடிவு செய்யும். வேண்டாம் என்று சொன்னால் போன் சரி என்று கேட்டுக்கொள்ளும். 3ஜி வந்தபோது இந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள், இரண்டு பக்கமும் சோதித்துக்கொள்ளும். ஆனால் நம் நாட்டில் 3ஜியை மூடிய செல்போன் கம்பெனிகள்கூட 2ஜியை இன்னும் வைத்துக்கொண்டிருக்கின்றன, அண்ணாச்சிமார் கையில் அந்தப் போன் இருக்கிறதே!

ரேடியோவைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனவர்களுக்காக மறுபடியும்: டவர் உங்களைச் சோதிக்கும், நீங்கள் டவரைச் சோதிப்பதில்லை. இன்றைய பேச்சே இதுதான்.

எங்கள் ஆய்வகத்தில் இதைச் செய்து பார்ப்போம். லைசென்ஸ் இல்லாமல் செல்போன் அலைவரிசையில் ஒலிபரப்பினால் குற்றம், அதனால் அலை வெளியே கசியாத உலோகப் பெட்டிக்குள்தான் எல்லாம். ஒரு லேப்டாப், ஒரு சின்ன ரேடியோ கார்டு, பழைய போன் ஒன்று. மூடியைப் போட்டதும் போன் எந்தக் கேள்வியும் கேட்காமல் எங்கள் போலி டவரோடு ஒட்டிக்கொள்ளும். புதிதாக வரும் மாணவர்கள் முதல் தடவை பார்த்ததும் தங்கள் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

வெளியே நடந்த கதை ஒன்று, இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. 2022 டிசம்பர் கடைசியில் பாரிஸில் போலீஸ் ஒரு காரை நிறுத்தியது, ஓட்டி வந்தது ஒரு பெண். பின்னால் பார்த்தால் வயரும் ஆண்டெனாவுமாக ஒரு பெட்டி. வெடிகுண்டோ என்று முதலில் பயந்திருக்கிறார்கள். கடைசியில் அது போலி டவர்! கார் தெருத்தெருவாகப் போகும், பக்கத்தில் இருக்கும் போன்கள் அதில் மாட்டும், அரசு மருத்துவக் காப்பீட்டு அலுவலகம் அனுப்பியதுபோல ஒரு எஸ்எம்எஸ் வந்து விழும். மாட்டியதெல்லாம் பட்டன் போன் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்மார்ட்போனுக்குள்ளும் 2ஜி உட்கார்ந்திருக்கிறது, 4ஜி கிடைக்காதபடி செய்துவிட்டால் அதுவும் 2ஜிக்கு இறங்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நம் நாட்டில் வங்கிகள் தங்கள் பெயரைப் பதிவு செய்துதான் எஸ்எம்எஸ் அனுப்ப முடியும், மற்றதைக் கம்பெனி வடிகட்டும். இந்தப் பெட்டி கம்பெனி வழியாகவே போவதில்லையே, அப்புறம் யார் வடிகட்டுவது? அனுப்புவது யார் என்ற இடத்தில் எந்தப் பெயரையும் போடலாம், உங்கள் வங்கியின் பழைய எஸ்எம்எஸ்களுக்குக் கீழேயே அதுவும் வந்து நிற்கும்.

சங்கேதமாவது உறுதியா என்றால் அதுவும் இல்லை. 2ஜியின் ஏ5/1 என்ற சங்கேத முறையை ரகசியமாக வைத்திருந்தார்கள், 1999இலேயே வெளியே வந்துவிட்டது. 2009 டிசம்பரில் கார்ஸ்டன் நோல் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில், அதை உடைக்கிற அட்டவணைகளைப் பலர் கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டோம் என்று அறிவித்தார். கம்பெனிகளின் சங்கம் நடைமுறையில் இது நடக்க வாய்ப்பில்லை என்றது. என்னைக் கேட்டால், ஆராய்ச்சிக்காரன் மேல் கோபப்படுகிற நேரத்தில் பூட்டை மாற்றியிருக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 பற்றி எழுதி வைத்த இரண்டு பக்கம் போச்சு, வைஃபையும் போச்சு. 5ஜியில் சிம்மின் அடையாள எண்ணையே சங்கேதமாக மூடி அனுப்பும் வசதி இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் 2ஜியை அணைக்க வழி இருக்கிறதா பாருங்கள், புதிய போன்கள் பலவற்றில் உண்டு. அணைத்தாலும் அவசர அழைப்பு போகும். 2ஜி மட்டும் கிடைக்கிற மலைப்பக்கம் போனால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள். பட்டன் போன் அண்ணாச்சிமாரே, அதிலிருந்தும் 1930 போகும். வணக்கம்.