டீ காசுக்கு ஒரு போல்ட்: குட்டி டேபிள் சாவில் 0.1 மி.மீ துல்லியம்!

(காட்சி: மேசை மேல் இரண்டு தேக்குக் குச்சிகள். கேமரா கிட்டே போகிறது.)

இந்த இரண்டு குச்சிகளையும் நன்றாகப் பாருங்கள். ஒரே மரம், ஒரே மெஷின், ஒரே பிளேடு. இடது பக்கம் இருப்பது ஒரு முனையில் 2.4 மி.மீ, மறுமுனையில் 1.9. வலது பக்கம் இருப்பதை எங்கே அளந்தாலும் 2 மி.மீ. நடுவில் நான் மெஷினை மாற்றவில்லை. ஹார்டுவேர் கடையில் ஒரு போல்ட் வாங்கினேன், அவ்வளவுதான். கடைசி வரை பாருங்கள், ஏனென்றால் அந்தப் போல்ட்டை வாங்கும்போதே ஒரு தப்பு நடக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

(காட்சி: மெஷின் முழுசாக.)

வணக்கம் நண்பர்களே. இந்த மெஷின் ஒரு குட்டி டேபிள் சா, அதாவது மேசைக்கு நடுவே வட்ட பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் மர ரம்பம். இதைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 775 வகை சின்ன மோட்டார், 24 வோல்ட் அடாப்டர், 63 மி.மீ பிளேடு. ஆன்லைனில் தேடினால் பத்துப் பெயர்களில் கிடைக்கும், உள்ளே எல்லாம் ஒன்றுதான். குட்டியாக இருக்கிறதே என்று அலட்சியம் மட்டும் வேண்டாம். நிமிடத்துக்கு 5000 சுற்று என்று வைத்தால், அந்தப் பிளேடின் பல் மணிக்குக் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பைபாஸில் போகிற டவுன் பஸ் வேகம், உங்கள் விரலுக்கு இரண்டு அங்குலம் பக்கத்தில். கண்ணாடி கட்டாயம் போடுங்கள். கையுறை போடவே கூடாது, பல்லில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

சரி, 0.1 மில்லிமீட்டர் எதற்கு? நான் செய்துகொண்டிருப்பது ஒரு செட்டிநாட்டு வீட்டின் மாடல், 1:24 அளவில். இதில் நான் 0.3 மி.மீ தப்பு செய்தால், நிஜ வீட்டில் அது 7 மி.மீக்கு மேல். கதவுக்கும் நிலைக்கும் நடுவே 7 மி.மீ இடைவெளி இருந்தால் ஆசாரியை வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? அதுவும் இருபது குச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும்போது, ஒவ்வொன்றிலும் 0.1 கூடினால் மொத்தம் 2 மி.மீ வெளியே நிற்கும்.

(காட்சி: பழைய ஃபென்ஸ். கையால் தள்ளினால் ஆடுகிறது.)

மெஷினோடு வந்த ஃபென்ஸ் இது, அதாவது மரத்தை ஒட்டி நேராகத் தள்ளுவதற்கான தடுப்பு. திருகை இறுக்கும்போதே கோணலாகிவிடுகிறது. மோட்டாருக்குச் சக்தி போதவில்லை, பெரிய மெஷின் வாங்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். வேண்டாம். குச்சியின் அகலத்தை முடிவு செய்வது ஃபென்ஸ்தான், மோட்டார் இல்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறோம்.

(காட்சி: போல்ட் கிட்டத்தில். மரை ஒவ்வொன்றும் தெரிகிறது.)

எம் 6 போல்ட், அதாவது 6 மி.மீ விட்டம். இதன் இரண்டு மரைகளுக்கு நடுவே உள்ள தூரம் சரியாக 1 மி.மீ. ஒரு முழுச் சுற்று சுற்றினால் போல்ட் 1 மி.மீ முன்னே போகும். அரைச் சுற்றுக்கு 0.5. கால் சுற்றுக்கு 0.25. 36 டிகிரிக்கு 0.1. எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதா? பள்ளிக்கூட இயற்பியல் லேபில் கையில் கொடுத்தார்களே திருகு அளவி, அதேதான்! புரியிடைத் தூரம் 1 மி.மீ, தலைக்கோலில் 100 பிரிவு, அதனால் மீச்சிற்றளவு, அதாவது அதில் அளக்க முடிந்த மிகச் சின்ன அளவு, 0.01 மி.மீ. அன்றைக்குக் கம்பியின் விட்டத்தை அளந்து ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க் வாங்கினோம். அதே திருகு ஒரு மர ரம்பத்தின் ஃபென்ஸைத் தள்ளும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் இன்னும் ஆசையாகப் படித்திருப்பேன். அமெரிக்காவில் கப்பல் மாடல் செய்கிறவர்கள் கொண்டாடும் பைர்ன்ஸ் டேபிள் சாவுக்கு இந்தத் திருகு அளவி (மைக்ரோமீட்டர்) வசதியைத் தனி உதிரியாகவே விற்றார்கள். நாம் அதைப் போல்ட்டில் செய்கிறோம்.

செய்முறை எளிது. மேசையின் ஓரத்தில் ஒரு அலுமினிய எல் ஆங்கிள் துண்டைப் பொருத்தி, அதில் துளை போட்டு, நட்டை எபாக்ஸியால் ஒட்டுங்கள். போல்ட் அதன் வழியாக வந்து ஃபென்ஸை பிளேடு பக்கம் தள்ளும். போல்ட் தலையில் அட்டை வட்டம் ஒட்டி, பாகைமானி வைத்துப் பத்துக் கோடு போடுங்கள். ஒரு கோடு 0.1 மி.மீ.

நட்டுக்குள் போல்ட் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டம் அளவில் ஏறாமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி, ஃபென்ஸை எப்போதும் போல்ட் முனையோடு ஒட்டி நிற்கும்படி பின்னால் இழுத்துக் கட்டிவிட்டேன். இப்போது ஆட்டமே இல்லை.

(காட்சி: இரண்டு போல்ட்கள் பக்கத்தில் பக்கத்தில்.)

நான் சொன்ன தப்பு இதுதான். கடையில் போய் "கால் இன்ச் போல்ட்" என்று கேட்டுவிடாதீர்கள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் கால் இன்ச் போல்ட்டில் வழக்கமாக ஒரு அங்குலத்துக்கு 20 மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 1.27 மி.மீ. பத்துச் சுற்றில் 2.7 மி.மீ தப்பிப்போகும். "எம் 6" என்று கேளுங்கள், கடையிலேயே ஸ்கேல் வைத்து எண்ணிப் பாருங்கள். 10 மி.மீக்குள் பத்து மரை இருக்க வேண்டும்.

அப்புறம் குச்சி வெட்டுவது. மெல்லிய குச்சியை ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே சிக்க விடாதீர்கள். சிக்கினால் பிளேடின் பின்பக்கப் பல் தூக்கி உங்கள் மேலேயே எறியும். பெரிய கட்டை ஃபென்ஸ் பக்கம் இருக்கட்டும், குச்சி வெளிப்பக்கம் விழட்டும். என் பிளேடு தின்னும் அகலம் 1 மி.மீ. குச்சி 2 மி.மீ. கூட்டினால் 3. ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று சுற்று, ஃபென்ஸை இறுக்கு, வெட்டு. மூன்று சுற்று, இறுக்கு, வெட்டு. கணக்கே வேண்டாம், கை தானாகச் செய்யும்.

ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல் முன்னால் இருக்கும்போது ஃபென்ஸ் வரை அளங்கள், பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுவந்து மறுபடி அளங்கள். வேறு வேறு பல்லில் அளந்தால் பிளேடின் நெளிவும் அளவில் சேர்ந்துவிடும்.

(காட்சி: வெள்ளை பிளாஸ்டிக் பலகை.)

அடுத்தது மேசைத் திறப்பு. சின்னத் துண்டுகள் பிளேடைச் சுற்றி உள்ள இடைவெளியில் விழுந்து சிக்கும். காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையில் ஒரு மெல்லிய துண்டை இரட்டைப் பக்க டேப்பால் மேசைமேல் ஒட்டி, இரண்டு ஓரமும் கிளாம்ப் போட்டு, பிளேடைக் கீழே இறக்கி, ஓடவிட்டு மெதுவாக மேலே ஏற்றுங்கள். தனக்கு வேண்டிய வழியை பிளேடே வெட்டிக்கொள்ளும். பலகையின் கனம் அளவுக்கு வெட்டும் ஆழம் குறையும், பரவாயில்லை.

குறுக்கே வெட்ட ஒரு சறுக்குப் பலகை, அதாவது மரத்தை மேலே வைத்து, குறுக்கே உள்ள சாய்ப்புக் கட்டையில் அணைத்து, பிளேடை நோக்கித் தள்ளும் பலகை. இது 90 டிகிரியா என்று மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து நம்பாதீர்கள். 100 மி.மீ பிளைவுட் துண்டு ஒன்றை, வெட்டிய பக்கத்தைச் சாய்ப்புக் கட்டையோடு சேர்த்துத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் வெட்டுங்கள். ஐந்தாவது வெட்டில் ஒரு பட்டை எடுங்கள். அதன் இரண்டு முனையையும் அளங்கள். ஒன்று 3.4, மற்றது 3.0 என்றால் வித்தியாசம் 0.4. நான்கால் வகுத்தால் 0.1. உங்கள் பலகை 100 மி.மீக்கு 0.1 கோணல். கண்ணுக்குத் தெரியாத தப்பை நான்கு மடங்காக்கிக் காட்டுகிறது, எவ்வளவு அழகான யோசனை!

தூளுக்கு, கீழே ஒரு பழைய டப்பாவும் வேக்குவம் குழாயும் போதும். தள்ளுகுச்சி கட்டாயம், ஒன்றுக்கு மூன்றாகச் செய்து வையுங்கள்.

உங்கள் பிளேடு எத்தனை மி.மீ தின்கிறது என்று ஒரு துண்டை வெட்டி அளந்து கமெண்டில் எழுதுங்கள். எத்தனை சுற்று என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். எனக்கு இன்னும் 64 ஜன்னல் சட்டம் பாக்கி. மூன்று சுற்று, இறுக்கு, வெட்டு.