கிணற்றிலிருந்து வருவது வெறும் எண்ணெய் அல்ல

நேயர்களுக்கு வணக்கம்.

செம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளின் தீபம் தெரியும். அங்கே வரும் கச்சா எண்ணெயில் ஒரு பங்கு, மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் கிடைப்பது. 1974 பிப்ரவரியில் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் மேடை அங்கே எண்ணெய் கண்டது. 1976 மே மாதம் உற்பத்தி தொடங்கியது. மும்பை ஹை என்ற அந்த எண்ணெய் வயலில், கிணற்றிலிருந்து வருவதைப் பிரிக்கும் புராசஸ் பிளாட்ஃபார்ம் என்ற கடல் மேடையில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான்.

பூமிக்கடியில் எண்ணெய் ஏரி மாதிரிக் கிடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மும்பை ஹையில் அது சுண்ணாம்புப் பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் இருக்கிறது. கூடவே உப்புத் தண்ணீரும் இருக்கும். பாறையின் அழுத்தத்தில் எரிவாயு எண்ணெயிலேயே கரைந்து கிடக்கும். கிணற்றில் மேலே ஏற ஏற அழுத்தம் குறையும், வாயு பிரிந்து நுரைக்கும். கோலி சோடாவின் கோலியைத் தட்டியதும் பொங்குகிறதே, அதேதான்.

மேலே வந்ததும் கிணற்றின் தலையில் வால்வுகளின் அடுக்கு. அதற்குப் பெயர் கிறிஸ்துமஸ் ட்ரீ. அதிலுள்ள சோக் என்ற சின்னத் துவாரம்தான் எவ்வளவு வரலாம் என்று தீர்மானிக்கிறது. அதன் வழியாகப் பாயும்போது எண்ணெயும் தண்ணீரும் ஒன்றுக்குள் ஒன்று அடிபட்டுக் கலந்துவிடும். மாதிரி எடுக்கும் குழாயில் பாட்டிலைப் பிடித்தால் வருவது வெதுவெதுப்பான, காப்பி நிறக் குழம்பு. கறுப்பு எண்ணெயை எதிர்பார்த்து வந்த புதுப் பையன்கள் திகைத்துப் போவார்கள். பாட்டிலை அப்படியே வைத்தால் அடியில் கொஞ்சம் தண்ணீர் தெளியும். மீதி எளிதில் பிரியாது.

இதைப் பிரிப்பதுதான் எங்கள் வேலை. செபரேட்டர் என்பது படுக்க வைத்த பெரிய உருளைத் தொட்டி. வாயு மேலே, எண்ணெய் நடுவில், தண்ணீர் அடியில். பிடிவாதமான குழம்புக்குச் சூடு, ஒரு துளி ரசாயனம், சில இடங்களில் மின்புலம். வெண்ணெய் காய்ச்சும்போது சடசடவென்று தண்ணீர் விலகி நெய் தெளிகிறதல்லவா, அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும். உப்புத் தண்ணீரை அப்படியே அனுப்பினால் குழாயும் ஆலையும் அரிக்கும்.

ஒரு ராத்திரி ஷிப்டில் நடந்ததைச் சொல்கிறேன். செபரேட்டரின் கண்ணாடிக் குழாயில் எண்ணெய் மட்டம் ஒரு மணி நேரமாக அசையவே இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். மூத்த ஆபரேட்டர் அண்ணா வந்து பார்த்தார். “கிணறு மூச்சு விடும்டா. அசையாத மட்டத்தை நம்பாதே” என்றார். வடிகால் வால்வைத் திறந்தோம். கண்ணாடியின் வாயில் மெழுகு அடைத்திருந்தது. உள்ளே மட்டம் எங்கேயோ ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எண்ணெய் வாயுக் குழாயில் ஏறி, வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் வரை போயிருக்கும். அன்றிலிருந்து கண்ணாடியை வடித்துப் பார்க்காமல் நான் ஒரு எண்ணும் எழுதியதில்லை.

அப்புறம் வாயு. அதை அழுத்தி, அதிலுள்ள ஈரத்தைக் கிளைக்கால் என்ற திரவத்தால் உறிஞ்சி எடுத்து, கடலடிக் குழாயில் மும்பைக்கு அருகே உரண் என்ற ஊரின் கரைக்கு அனுப்புகிறோம். சமையல் எரிவாயு அங்கே பிரிகிறது. கம்ப்ரசர் நின்றால் அந்த வாயு ஃப்ளேர் என்ற எரிகுழாயின் நுனியில் எரிந்து போகும். அந்தச் சுடரைப் பார்க்கும்போதெல்லாம் எத்தனை வீட்டு அடுப்பு என்று மனசு கணக்குப் போடும்.

வாயுவில் ஒரு பங்கு கிணற்றுக்கே திரும்பிப் போகிறது. வயதான கிணற்றுக்குத் தானாக மேலே தள்ளும் வலு இருக்காது. வெளிக்குழாய்க்கும் உள்குழாய்க்கும் இடையே வாயுவை இறக்கி, உள்ளிருக்கும் திரவத்தை லேசாக்கி மேலே ஏற்றுகிறோம். இதுதான் கேஸ் லிஃப்ட். பாறையின் அழுத்தம் விழாமலிருக்க, கடல் தண்ணீரை வடிகட்டி, அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கி, வேறு கிணறுகள் வழியே பாறைக்குள் செலுத்துகிறோம். அந்தத் தண்ணீரும் ஒரு நாள் எண்ணெயோடு திரும்பி வரும். கிணற்றுக்கு வயது ஏற ஏற எண்ணெய் குறையும், தண்ணீர் கூடும். அந்தத் தண்ணீரையும் எண்ணெய் நீக்கிச் சுத்தம் செய்த பிறகே கடலில் விடலாம்.

ஜுஹுவிலிருந்து ஹெலிகாப்டரில் ஏறி, 14 நாள் அங்கே, 14 நாள் வீட்டில் என்று வாழும் நம் பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். இந்த நேரத்தில் அவர்களில் ஒருவர் டார்ச்சோடு ஒரு கண்ணாடிக் குழாய் முன் நின்று, வடிகால் வால்வைத் திறந்துகொண்டிருப்பார்.

வணக்கம்.