சனிக்கிழமை மூன்று மணி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் யாராவது மில் வேலைக்குப் போயிருந்தால், சங்கு ஊதும் நேரத்தின் அருமை உங்களுக்குத் தெரியும். ஊதிய பிறகுதான் பொழுது நம்முடையது. பிரிட்டனில் கால்பந்து வளர்ந்த கதையும் அந்த மாதிரி ஒரு நேரத்தில்தான் தொடங்குகிறது.

அதற்கு முன்னும் பந்தாட்டம் உண்டு. ஊர்ப் பொட்டலிலும் தெருவிலும் ஆள் கணக்கில்லாமல் ஆடினார்கள். பொது நிலங்களுக்கு வேலி விழுந்தது. 1835-இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம், சாலையில் பந்தாடினால் அபராதம் என்றது. ஆட இடம் போயிற்று. ஆலை வேலையில் நேரமும் போயிற்று.

அந்த நேரம் கொஞ்சம் திரும்பி வந்தது 1850-இல். துணி ஆலைகளில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்தது. ஆண்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனால் பெண்கள் கிளம்பிவிட்டால் தறியை யார் பார்ப்பது? ஆலையே நின்றது, ஆண்களும் வெளியே வந்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தால் மணி மூன்று. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் என்ற வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. பெண் தொழிலாளர்களுக்காக வந்த சட்டம் அது என்பதை நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கும் சொல்லிவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் ஒன்று உண்டு. 1883, லண்டன் ஓவல் மைதானம், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஓல்டு ஈட்டோனியன்ஸ். ஈட்டன் பள்ளியில் படித்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள், முந்தைய ஆண்டு கோப்பையை வென்றவர்கள். மறுபக்கம் வட இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து பிளாக்பர்ன் ஒலிம்பிக். நெசவாளி, நூற்பாளி, குழாய் வேலைக்காரர். போட்டிக்கு முன் இவர்கள் பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்த் தங்கிப் பயிற்சி எடுத்தார்கள். கூலிக்காரன் வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போனால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? உள்ளூர் இரும்பு வார்ப்பாலை முதலாளி ஒருவர் பண உதவி செய்தார். முதல் கோல் ஈட்டோனியன்ஸ் போட்டது. ஒலிம்பிக் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் ஜிம்மி காஸ்ட்லி வெற்றி கோலை அடித்தார். அவர் பஞ்சாலையில் நூல் நூற்பவர்! கோப்பை முதல் முறையாக வடக்கே போனது. இரண்டே ஆண்டில், 1885-இல், பணம் வாங்கி ஆடுவதைக் கால்பந்துச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

ரக்பியில் அது நடக்கவில்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்காக இழந்த கூலியையாவது கொடுங்கள் என்று வடக்கத்திக் கழகங்கள் கேட்டன, ரக்பிச் சங்கம் மறுத்தது, 1895-இல் அந்தக் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியே பிரிந்துவிட்டன.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். கிரிக்கெட் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஒரே அணியில் ஆடினாலும், லார்ட்ஸ் மைதானத்தில் கூலி வாங்காத கனவான்கள் ஒரு வாசல் வழியாகவும் கூலி ஆட்டக்காரர்கள் வேறு வாசல் வழியாகவும் இறங்கினார்கள். அந்தப் பாகுபாட்டை ஒழிக்க முடிவெடுத்தது 1962-இல். வணக்கம்.