தண்டுக்குள் ஒன்பது மாதம், பூவில் மூன்று நாள்

ஏற்காட்டுச் சொந்தங்களுக்கு வணக்கம்.

வரும்போது என் தோட்டத்தில் பிடுங்கிய ஒரு காபித் தண்டைக் கொண்டுவந்தேன். நெடுக்காகப் பிளந்திருக்கிறேன், முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கிப் பாருங்கள். கட்டைக்குள் வளைந்து வளைந்து ஓடும் தடம் தெரிகிறதா? அது காலித் துளை இல்லை. புழு தின்றுவிட்டு, கழித்த தூளைப் பின்னால் இறுக்கி அடைத்துக்கொண்டே போயிருக்கிறது. நகத்தால் நோண்டினாலும் லேசில் உதிராது. வெளியே அடிக்கிற மருந்து எப்படி உள்ளே போகும்?

இதுதான் வெள்ளைத் தண்டுத்துளைப்பான். தாய் வண்டு வெயிலில் பறந்து வந்து, பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே புகுந்தால் ஒன்பது, பத்து மாதம் இருட்டில் தனியாகத் தின்னும். வண்டாகி வெளியே வந்தபின் ஏறத்தாழ ஒரு மாதம்தான் ஆயுள்.

அப்புறம் நம் தேனீ. கோடை மழை விழுந்து பத்து நாளுக்குள் காபி பூத்து மலையே மணக்கும். ஆனால் பூ நிற்பது இரண்டு, மூன்று நாள். தனியாகத் தேடினால் இந்த அவசரத்துக்கு முடியுமா? பூவைக் கண்ட தேனீ கூட்டுக்குத் திரும்பி, அடையின் மேல் உடம்பை ஆட்டி ஓடும். ஓடும் கோணம் திசையைச் சொல்லும். ஓடும் நேரம் தூரத்தைச் சொல்லும். இந்த நடனத்தின் பொருளைப் படித்துச் சொன்ன கார்ல் ஃபான் ஃப்ரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். சுறுசுறுப்பான பருவத்தில் ஒரு வேலைக்காரத் தேனீக்கு ஆறு வாரம்தான் வாழ்வு. அதிலும் முதல் மூன்று வாரம் கூட்டுக்குள்ளேயே புழுக்களுக்கு ஊட்டுவதும் அடை கட்டுவதுமாகப் போய்விடும்.

அராபிகா வகைக் காபி தன் மகரந்தத்திலேயே காய்க்குமே, தேனீ எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேனீ வந்துபோனால் காய்ப்பிடிப்பு கூடுகிறது.

சில வருஷம் முன்னால் மரத்துக்கு நல்ல விலை வந்ததென்று மேட்டுப் பக்கத்து நிழல் மரங்களை வெட்டி விற்றேன். வெயில் தண்டில் நேராக விழுந்தது. துளைப்பானுக்கு அதுதான் வேண்டும். அந்தப் பக்கம் வரிசை வரிசையாகச் செடி மஞ்சளித்தது. பெரிய மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்த மலைத்தேனீக் கூடும் இல்லாமல் போனது. ஒரே வெட்டு, வண்டுக்கு வழி விட்டேன், தேனீயை விரட்டினேன். இன்றும் மனசு ஆறவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வண்டு பறப்பது ஏப்ரல், மே. மறுபடி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அதற்கு முன்பே தண்டில் பட்டை வரிவரியாகப் புடைத்த செடிகளைத் தேடிப் பிடுங்கி எரியுங்கள். மற்றச் செடிகளில் செதில் பட்டையைத் தென்னை நாரால் தேய்த்துவிடுங்கள். முட்டை வைக்க வெடிப்பு இருக்காது. பூ விரிந்திருக்கும் அந்த மூன்று நாளும் மருந்துத் தெளிப்பானைக் கொட்டகையிலேயே விட்டுவிடுங்கள்.